லூயி பாஸ்டரும் பக்கவாதமும்

பிரான்சு தேசத்து ரசாயன அறிஞராகிய லூயி பாஸ்டர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள், தோல் பதனிடுவார் ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தார். அவர்தம் ஆராய்ச்சிகளைப் பலரும் அறிவர். ஆகலின் அவற்றை ஈண்டு விரித்தல் வேண்டா. 45 வயதிற் பக்கவாதத்தால் வீழ்ந்த அப்பெரியார் மீண்டெழுந்த வரலாற்றையே யாம் கூறப் புகுந்தோம்.

1868 அக்டோபர் 19-ஆம் நாட் காலை அவர்தம் இடப்பக்கம் மரத்தாற் போன்றிருந்தது. அதனைப் பொருட்படுத்தாது பாரிசிலுள்ள விஞ்ஞானக் கழகத்திற்குச் சென்று, கட்டுரையொன்றைப் படித்து மீண்டார். அன்றிரவு நா எழவில்லை. பின்னர்ப் பேச்சு மீண்டதாயினும் இடக்கையும் இடக்காலும் மரக்கட்டைபோற் கிடந்தன. வைத்தியர் அட்டைகளைக் கடிக்கவிட்டனர். அக்காலத்து மருத்துவம் அறிந்தது அவ்வளவே.

பாஸ்டர் பிழையார் என்றே துணிந்தனர் போலும்! சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் ஆணையால் அவர்க்கென எழும்பிவந்த ஆராய்ச்சிச்சாலையின் வேலை நிறுத்தப்பட்டது. அஃதறிந்து நோயாளி பெரிதும் மனம் நொந்தார். உயிரோடிருப்பாரை இறந்தார் கணக்கில் வைத்த அச்செயலை யாம் இன்றும் பொறுத்தற்கில்லை. செய்தி சக்கரவர்த்தியின் செவிக்கு எட்டிய பின்னரே வேலை மீளத் தொடங்கிற்று.

உடல் தளர்ந்ததேயன்றி அறிவு தளரவில்லை. ஒரு வாரத்துள் பட்டுப்புழு நோய்பற்றிய குறிப்பொன்றைப் படுக்கையிற் கிடந்தவாறே அவர் சொல்ல, மாணாக்கர் எழுதினார். 1869 ஜனவரியில் தென் பிரான்சுக்குப் பயணமாகி அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். காலை இழுத்தேனும் நடந்தார். இடக்கையோ இறுதிவரை விறைத்தே இருந்தது.

நோயாளி எவ்வளவு தேறுவார் என்பதனை முன்னறிய இன்று சில குறிகள் உள. 2010-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆராய்ச்சியொன்றின்படி, நோய் கண்ட 72 மணி நேரத்துள் விரல்களைச் சிறிதேனும் நீட்டவும் தோளைப் பக்கவாட்டில் உயர்த்தவும் வல்லார், ஆறு திங்களிற் கைத்திறன் ஓரளவு பெறுவதற்கு நூற்றுக்கு 98 பங்கு வாய்ப்புண்டு. இரண்டும் இயலாதார்க்கு 25 பங்கே. பாஸ்டரின் விரல்களை அங்ஙனம் அளந்தார் எவருமிலர். அளந்திருப்பின் கையின் கதியை உரைத்திருப்பர். அவர் இனிச் செய்யப்போவதனை எக்குறி கொண்டு உரைப்பர்?

தம் கை செய்யமாட்டாத நுண்செயல்களை மாணாக்கர் கைகளாற் செய்வித்தார். ஆட்டு மந்தைகளை அழித்த அடைப்பான் நோய்க்குரிய தடுப்பு மருந்தை 1881-இல் எல்லாரும் காண மெய்ப்பித்தார். 1885 ஜூலை 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு ஊசி போட்டவர் கிராஞ்சே என்னும் வைத்தியர். பாஸ்டரின் கை தளர்ந்தமையால் அன்று. அவர் வைத்தியப் பட்டம் பெறாதவராதலின்.

1887-இல் நோய் மீண்டும் தாக்கிற்று. மறு ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் பாஸ்டர் நிலையம் திறக்கப்பெற்றபோது, உணர்ச்சி மிக்குப் பேசமாட்டாராய் அமர்ந்திருந்தார். அவர் எழுதிய உரையை மைந்தர் எழுந்து படித்தார்.