எத்தனை லைன் வேண்டும்? கணக்குப் போட்டுச் சொன்ன ஏர்லாங்!

புதிதாக ஒரு டேட்டா சென்டர் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஆயிரக்கணக்கில் சர்வர்கள் இருக்கும். அவற்றை இணைப்பவை சுவிட்சுகள். ஒரு சுவிட்ச் செத்துப் போனாலும் வேலை நிற்கக் கூடாது. அப்படியானால் எத்தனை சுவிட்ச், எத்தனை கேபிள் போட வேண்டும்? இந்த மாதிரிக் கேள்விக்குக் கணக்கால் வழி காட்டியவர், கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே மறைந்துவிட்டார். அவர்தான் அக்னர் க்ராரப் ஏர்லாங்.

டென்மார்க் நாட்டில் லோன்போர்க் என்ற சிறிய ஊரில் 1878 ஜனவரி 1 அன்று பிறந்தார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். 14 வயதில் பல்கலைக்கழக முன்தேர்வு எழுத வயது போதவில்லை. சிறப்பு அனுமதி வாங்கி எழுதி, நல்ல மார்க்கோடு பாஸ் செய்தார். பிறகு இரண்டு வருடம் அப்பாவின் பள்ளியிலேயே பாடம் நடத்தினார். தூரத்து உறவினர் ஒருவர் கோபன்ஹேகனில் சோறும் தங்க இடமும் கொடுக்க, 1896-ல் உதவித்தொகையோடு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1901-ல் கணிதத்தில் பட்டம் பெற்று, சில வருடங்கள் பள்ளி ஆசிரியராக இருந்தார்.

கணிதச் சங்கக் கூட்டங்களில் யென்சன் என்ற கணித மேதையின் பழக்கம் கிடைத்தது. அவர் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் எஞ்சினியர். அவர் மூலமாக 1908-ல் ஏர்லாங் அந்தக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே ஒரு பெரிய தலைவலி இருந்தது. லைன் குறைவாகப் போட்டால் ஆஸ்பத்திரிக்கு அவசரமாகக் கூப்பிடுபவருக்கும் லைன் கிடைக்காது. அதிகமாகப் போட்டால் காசு வீண். எது சரியான அளவு?

1909-லும் 1917-லும் எழுதிய கட்டுரைகளில் ஏர்லாங் விடை சொன்னார். ஒரு லைன் முழுநேரமும் பேச்சில் இருந்தால் அந்தச் சுமையை இன்று 1 ஏர்லாங் என்கிறோம். 10 ஏர்லாங் சுமைக்கு 10 லைன் போட்டால் ஐந்தில் ஒரு அழைப்பு போல வீணாகும். நூற்றில் ஒன்றுக்கு மேல் வீணாகக் கூடாது என்றால் 18 லைன் வேண்டும். அதே சுமை இரண்டு இடத்தில் தனித்தனியாக இருந்தால் 36 லைன். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் 30 போதும்! ஒன்று சேர்ந்தால் மிச்சம் என்பதை எண்ணால் காட்டினார்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் சேர்த்தால், அது விழுந்தால் எல்லாம் விழுமே! அதனால்தான் டேட்டா சென்டரில் ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு சுவிட்ச் வழி வைக்கிறார்கள். இங்கேயும் கணக்கு உண்டு. இரண்டும் 70 சதவீதம் சுமந்தால், ஒன்று போனதும் மற்றதன் தலையில் 140 சதவீதம் விழும். அதுவும் திணறிவிடும். ஆகவே ஒவ்வொன்றும் பாதிக்கு மேல் சுமக்கக் கூடாது.

இன்னொன்று. ஒருவர் போன் செய்வதற்கும் அடுத்தவர் செய்வதற்கும் சம்பந்தமில்லை என்பதுதான் ஏர்லாங் கணக்கின் அஸ்திவாரம். வெள்ளம் வந்து ஊரே ஒரே நேரத்தில் கூப்பிட்டால் அந்தக் கணக்கு பலிக்காது. சுவிட்சும் அப்படித்தான். 100 மணிக்கு 1 மணி பழுதாகும் இரண்டு சுவிட்சுகள் தனித்தனியாக இருந்தால், இரண்டும் சேர்ந்து படுப்பது 10,000 மணிக்கு 1 மணிதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே கரண்ட் லைன் கொடுத்தால்? ஒரே ப்யூஸில் இரண்டும் போய்விடும். இரண்டு வாங்கியும் பயனில்லை!

ஏர்லாங் மேஜையோடு நின்றவர் அல்ல. கோபன்ஹேகன் தெருக்களில் ஏணி சுமக்கும் தொழிலாளியோடு போய், கேபிள் குழிகளில் தானே இறங்கி அளவெடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உதவி கேட்டு வந்த ஏழைகளுக்குக் கொடுத்தார். 1929 பிப்ரவரி 3 அன்று, அறுவை சிகிச்சைக்குப் பின் 51 வயதில் காலமானார். 1946-ல் டெலிபோன் சுமையின் அளவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1980-களில் ஸ்வீடனின் எரிக்சன் கம்பெனி டெலிபோன் சுவிட்சுகளுக்காக உருவாக்கிய கம்ப்யூட்டர் மொழிக்கும் ஏர்லாங் என்றுதான் பெயர்.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் இந்த சுவிட்சுகளை மாட்டப் போகிறோம். விலை உயர்ந்த சாமான் மட்டும் காப்பாற்றாது. ஒன்று போனால் மற்றது தாங்குமா, இரண்டும் ஒரே காரணத்தால் போகுமா என்று முதலில் ஒரு பேப்பரில் கணக்குப் போடுவோம். அந்தக் குழிக்குள் இறங்கிப் பார்ப்போம்!