விரலுக்கு விலாசம் கொடுத்த அஸீஸுல் ஹக்

பல்கலைக்கழக விடுமுறையில் நிலாவெளிக்கு வந்த என் ராத்தாவின் மகன் புதிய மடிக்கணினி ஒன்றைக் கொண்டு வந்திருந்தான். விரலை வைத்ததும் அது திறந்துகொண்டது. இனிக் கடவுச்சொல்லை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, விரலே போதும் என்பது அவனுடைய கட்சி. அவனுடைய வாப்பாவும் தன் விரலைப் பதிந்து பார்த்தார். நாற்பது வருடங்களாகக் கரைவலை இழுத்த கை அது. கயிறும் உப்புத் தண்ணீரும் தேய்த்த அந்த விரலைக் கருவி கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. எது நல்லது, விரலா கடவுச்சொல்லா என்று இருவரும் என்னிடம் கேட்டார்கள்.

அன்று அவர்களுக்கு நான் சொன்ன பதில், காஸி அஸீஸுல் ஹக் என்ற மனிதரின் வாழ்க்கையில் இருந்து எடுத்தது. இன்று உலகம் முழுவதும் விரலை வைத்து ஆளை அடையாளம் காண்கிறார்கள் என்றால் அதில் இந்த முஸ்லிம் பொலிஸ் அதிகாரிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் நம்மில் பலருக்கு அவருடைய பெயரே தெரியாது.

அஸீஸுல் ஹக் 1872இல் வங்காளத்தின் குல்னா பகுதியில் பிறந்தார். இன்று அது பங்களாதேஷில் இருக்கிறது. சிறு வயதிலேயே பெற்றோரைப் படகு விபத்தொன்றில் இழந்தார். பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டுக் கல்கத்தாவுக்கு ஓடிப்போனார் என்றும், அங்கே ஒரு குடும்பம் அவரை ஏற்று வளர்த்துப் படிக்க வைத்தது என்றும் அவருடைய வாரிசுகள் சொல்லி வந்திருக்கிறார்கள். கணிதம் அவருக்குக் கைவந்த கலை. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அந்த அநாதைப் பிள்ளைக்கு அந்தக் கணிதமே வேலையும் தேடித் தந்தது.

அப்போது வங்காளப் பொலிஸின் தலைமை அதிகாரியாக இருந்தவர் எட்வர்ட் ஹென்றி. குற்றவாளிகள் பெயரை மாற்றிக்கொண்டு மறுபடியும் மறுபடியும் தப்புவது அவருக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. பிரான்ஸ் நாட்டின் பேர்ட்டியோன் உருவாக்கிய முறையில் தலை, கை, கால் என்று உடலை அளந்து பதிவு செய்தார்கள். ஆனால் ஒரே ஆளை இரண்டு பேர் அளந்தால் இரண்டு அளவு வந்தது. கணக்கில் கெட்டிக்கார மாணவர் ஒருவரைத் தரும்படி ஹென்றி கல்லூரி அதிபரிடம் கேட்டார். அப்படித்தான் அஸீஸுல் ஹக் சப் இன்ஸ்பெக்டராகப் பொலிஸில் சேர்ந்தார்.

விரல் அடையாளம் எடுப்பது வங்காளத்துக்குப் புதிதல்ல. 1858இலேயே அங்கே வில்லியம் ஹேர்ஷல் என்ற அதிகாரி ஒப்பந்தம் ஒன்றில் கை அடையாளம் வாங்கியிருந்தார். ஒருவரின் ரேகை இன்னொருவருக்கு இருக்காது என்பதையும் அறிஞர்கள் எழுதிவிட்டார்கள். எடுத்து வைத்த ஆயிரக்கணக்கான தாள்களுக்குள் தேவையான ஒன்றை எப்படித் தேடிப் பிடிப்பது என்பதுதான் பெரிய சிக்கலாக இருந்தது. பெயர் பொய்யாக இருக்கும்போது பெயர் வரிசைப்படி அடுக்கி என்ன பயன்?

அஸீஸுல் ஹக் கண்ட வழி எளிமையானது. விரல் ரேகையில் சுழி உண்டா, இல்லையா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஒரு விரலுக்கு இரண்டே விடைகள். பத்து விரலுக்கும் பத்து இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் 1024 வருகிறது. குறுக்கே 32, நெடுக்கே 32 என்று 1024 அறைகள் கொண்ட ஓர் அலுமாரி. சுழி விழும் விரலைப் பொறுத்து 16, 8, 4, 2, 1 என்று மதிப்பெண் கொடுத்துக் கூட்டினால், அந்தத் தாள் எந்த அறைக்குப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஆள் என்ன பெயர் சொன்னாலும் விரல் தன் விலாசத்தைத் தானே சொல்லிவிடும். உண்டு, இல்லை என்ற இரண்டே விடைகளில்தான் இன்றைய கணினியும் இயங்குகிறது.

இந்த முறையை ஏற்று 1897இல் கல்கத்தாவில் விரல் அடையாளப் பணியகம் திறக்கப்பட்டது. உலகின் முதலாவது பணியகம் என்று அது பரவலாகக் கருதப்படுகிறது. அங்கே அஸீஸுல் ஹக்கோடு ஹேம் சந்திர போஸ் என்ற இந்துச் சகோதரரும் உழைத்தார். ரேகை விபரங்களைத் தந்தி மூலம் அனுப்பும் குறியீட்டை உருவாக்கியவர் அவர்.

மறு வருடமே அந்தப் பணியகத்துக்கு ஒரு பெரிய வழக்கு வந்தது. ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்ட முகாமையாளர் ஒருவர் கொல்லப்பட்டிருந்தார். அவருடைய பெட்டிக்குள் இருந்த பஞ்சாங்கத்தில் இரத்தக் கறையோடு ஒரு பெருவிரல் அடையாளம் இருந்தது. முன்பு திருட்டுக்குத் தண்டனை பெற்ற ஒரு பணியாளரின் அடையாளத்தோடு அது பொருந்தியது. நீதிமன்றம் அவரைத் திருட்டுக்குத் தண்டித்தது. கொலைக் குற்றத்துக்கு அந்த அடையாளம் மட்டும் போதாது என்று விட்டுவிட்டது. அவர் அங்கே இருந்தார் என்பதை விரல் சொன்னது. அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லவில்லை.

1900இல் ஹென்றி இந்த முறையை நூலாக எழுதினார். 1901இல் லண்டன் ஸ்கொட்லாண்ட் யார்டில் பணியகம் திறந்தார், பின்னர் லண்டன் பொலிஸின் ஆணையாளராகவும் ஆனார். உலகம் அதை ஹென்றி முறை என்றே அழைத்தது. பல வருடங்கள் கழித்துத்தான் அஸீஸுல் ஹக்கின் பங்கை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. 5000 ரூபாய் சன்மானமும் கான் பகதூர் பட்டமும் கிடைத்தன. ஹென்றியும் அவருடைய உழைப்புக்குச் சாட்சி சொன்னார். ஓய்வுபெற்றபின் பீகாரின் மோதிஹாரியில் வாழ்ந்து 1935இல் காலமானார். பிற்காலத்தில் பிரித்தானியாவின் விரல் அடையாள நிபுணர் சங்கம் அவர் பெயரையும் போஸ் பெயரையும் சேர்த்து ஒரு பரிசை ஏற்படுத்தியது.

இனி மருமகனின் கேள்விக்கு வருவோம். அஸீஸுல் ஹக் விரலைப் பூட்டாகப் பயன்படுத்தவில்லை, சாட்சியாகப் பயன்படுத்தினார். அது நாம் தொடும் இடங்களில் நம் அனுமதி கேட்காமல் பதிந்துவிடக்கூடியது என்பதால்தான் சாட்சியாகப் பயன்படுகிறது. விரலைத் திறப்பாக்கும்போது அதே குணம் குறையாகிவிடுகிறது. தேநீர்க் கோப்பையிலும் கதவுக் கைபிடியிலும் அந்த மடிக்கணினியின் மூடியிலும் நாம் விட்டு வைக்கும் ஒன்று இரகசியமாக இருக்க முடியாது.

இது வெறும் பயம் அல்ல. 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஜெலட்டினால் செய்த போலி விரலைக் கொண்டு பல கருவிகளை ஏமாற்றினார்கள். 2014இல் ஜெர்மனியில் ஒருவர், பாதுகாப்பு அமைச்சரின் விரல் ரேகையைப் புகைப்படங்களில் இருந்தே உருவாக்கிக் காட்டினார். 2015இல் அமெரிக்க அரசின் பதிவேடுகளில் இருந்து 56 இலட்சம் பேரின் விரல் அடையாளங்கள் களவு போயின. கடவுச்சொல் களவு போனால் அன்றே மாற்றலாம். விரல் களவு போனால் எதை மாற்றுவது? அல்லாஹ் தந்தது பத்து மட்டுமே.

ஆனாலும் கடவுச்சொல்லை நாம் வைக்கும் விதமும் பெருமைக்குரியதல்ல. ஊர்ப் பெயரையும் பிறந்த வருடத்தையும் சேர்த்து, எல்லாக் கணக்குக்கும் ஒன்றையே வைக்கிறோம். பக்கத்தில் இருப்பவர் பார்க்கவே தட்டுகிறோம். அப்படிப்பட்ட கடவுச்சொல்லைவிட விரல் எவ்வளவோ மேல். மடிக்கணினியில் பதியும் ரேகை விபரம் பொதுவாக அந்தக் கருவிக்குள்ளேயே இருக்கும். தூரத்துத் திருடனுக்கு அது கிடைப்பது கடினம். ஆகவே வீட்டில், வகுப்பில் அன்றாடம் கணினியைத் திறக்க விரல் நல்லது. ஆனால் அதற்குப் பின்னால் ஓர் உறுதியான இரகசியம் இருக்க வேண்டும். வங்கி, மின்னஞ்சல், பள்ளிவாசல் கணக்கு போன்றவற்றுக்கு வெவ்வேறு நீண்ட கடவுச்சொற்கள் வேண்டும். தூங்குபவரின் விரலை எடுத்து வைக்க முடியும். மனதில் இருக்கும் சொல்லை அப்படி எடுக்க முடியாது.

அல்கியாமா அத்தியாயத்தின் 4ஆவது வசனத்தில் வரும் விரல் நுனிகளை ரேகையோடு இணைத்துப் பேசும் பயான்களை நாம் கேட்டிருக்கிறோம். மறுமையில் கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும் என்பதை யாஸீன் அத்தியாயத்தின் 65ஆவது வசனத்தில் ஓதுகிறோம். விரல் சாட்சி. இரகசியம் அமானிதம். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் முழுதாக ஒப்படைக்கக் கூடாது.

மருமகன் விரலை வைத்துக்கொண்டான், கடவுச்சொல்லையும் நீளமாக மாற்றினான். மச்சானுக்கு விரல் கைகொடுக்கவில்லை. தனக்கு மட்டும் தெரிந்த நான்கு சொற்களைச் சேர்த்து ஒரு கடவுச்சொல்லை அமைத்துக்கொண்டார். அது என்னவென்று நான் கேட்கவில்லை.

உலகத்தாரின் விரலுக்கெல்லாம் விலாசம் கொடுத்து, தன் பெயர் அறியப்படாமலே வாழ்ந்து மறைந்த அந்த மனிதரின் உழைப்பை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.