திருச்சுழி ஈன்ற தவச்செல்வர்

மழை பொய்த்தால் கண்மாய் வறண்டு மண் வெடித்துக் கிடக்கும் சீமை அருப்புக்கோட்டைச் சீமை. அதன் கிழக்கே, குண்டாற்றங்கரையில் விளங்கும் திருச்சுழி, சுந்தரமூர்த்தி நாயனாரின் பாடல் பெற்ற சிவஸ்தலமாகும். அவ்வூரில் வக்கீல் தொழில் நடத்திய சுந்தரமய்யருக்கும் அழகம்மையாருக்கும் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், ஆருத்ரா தரிசனத் திருநாளின் நள்ளிரவு கடந்த வேளையில் ஓர் ஆண்மகவு பிறந்தது. வேங்கடராமன் என்பது பெயர். அப்பிள்ளையே பின்னாளில் உலகம் போற்றிய ஸ்ரீ ரமண மகரிஷி. சிவஸ்தலத்தில் பிறந்து அருணாசலத்தில் வாழ்ந்தவருக்கு வைணவ மலரில் இடம் எதற்கு என்பார்க்குத் திருவேங்கடமுடையானின் அத்திருநாமமே போதிய விடையாகும்; வேறொரு விடையும் பின்னே வரும்.

1892-இல் தந்தையார் காலமாகவே, பிள்ளை மதுரையில் சிற்றப்பா சுப்பையரின் இல்லத்தில் வளர்ந்தார். படிப்பில் நாட்டம் குறைவு. விளையாட்டிலும் உறக்கத்திலும் நாட்டம் மிகுதி. தியானம் என்ற சொல்லின் பொருளையும் அவர் அந்நாளில் ஆராய்ந்தவரல்லர்.

1896-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், உடலில் ஒரு நோயும் இல்லாதிருக்கையிலேயே, மரண பயம் அவரைத் திடீரெனப் பற்றியது. வயது 16. வைத்தியரையோ பெரியோரையோ தேடி ஓடாமல், சாவு என்பது யாருக்கு என்று அங்கேயே அறிந்துவிடத் துணிந்தார். பிணம்போல் கைகால்களை விறைத்து நீட்டிப் படுத்தார். உதடுகளை மூடி மூச்சை அடக்கினார். இவ்வுடல் சுடுகாட்டிற்குப் போய்ச் சாம்பலானாலும், நான் என்று உள்ளே விளங்கும் பொருள் அழிவதில்லை என்பது நூலறிவாக அன்றி நேர் அனுபவமாக அவருக்குச் சித்தித்தது. அன்று அகன்ற அச்சம் மீண்டும் அவரை அணுகவில்லை.

ஆறு வாரம் கழித்து, ஆகஸ்டு 29-ஆம் நாள், தமையனாரின் கல்லூரிச் சம்பளத்திற்கென இருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்பட்டார். வைத்துச் சென்ற கடிதத்தில் நான் என்று தொடங்கியவர், அடுத்த வாக்கியத்திலேயே தம்மை இது என்று குறித்தார், கையொப்பம் இடவில்லை. வழியில் கீழூரில், பசியால் தளர்ந்த அவரை முத்துகிருஷ்ண பாகவதர் இல்லத்தார் உபசரித்தனர். அன்று கோகுலாஷ்டமி. காதிலிருந்த கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்துவிட்டு, கண்ணன் பிறந்த நாளுக்கென்று செய்த பட்சணப் பொட்டலத்துடன் நடந்த அப்பிள்ளை, செப்டம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்தார்.

அங்கே பாதாள லிங்கக் குகையில், பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கியதும் அறியாமல் நிஷ்டையில் அமர்ந்திருந்தார். இதனை வியக்கலாமே அன்றி எவரும் பின்பற்றத் துணியலாகாது. அவரும் பிறரை அங்ஙனம் இருக்கச் சொல்லவில்லை. அளவான சாத்துவிக உணவையே சாதகர்க்குச் சிறந்த துணையென வற்புறுத்தினார்.

1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை எழுப்பிய வினாக்களுக்கு எழுதிக் காட்டிய விடைகளே பின்னர் நான் யார் என்னும் நூலாயின. எழும் நினைவை விரட்டாமல், அது யாருக்கு எழுந்தது என்று உசாவி அதன் மூலத்திற்குத் திரும்புவதே அவர் காட்டிய நெறி. மனம் அலையும்போது மூச்சைக் கவனித்தலும் ஜபமும் துணையாகும். பலன் என்ன எனின், மன அமைதியே. இல்லறத்தார் பலர் துறவு நாடி வந்து நின்றபோது, காட்டிற்குப் போனாலும் மனம் உடன்வரும் என்பதை விளக்கி, அவரவர் கடமையிலேயே நிலைக்கச் செய்தார். தாமும் விடியுமுன் சமையற்கட்டில் அமர்ந்து காய்கறி நறுக்கினார்.

இனி அந்த வேறொரு விடை. வைணவ அடியார்கள் ப்ரபத்தியைப் பற்றி வினவுகையில், நம்மாழ்வாரின் திருவாய்மொழியையே அவர் எடுத்துக்காட்டியதுண்டு. தன்னையே அறியாதிருந்து, யான் எனது என்று மயங்கிய நிலையை ஆழ்வார் அங்கே வெளியிடுகிறார். சரணாகதி செய்பவன் எதனை எம்பெருமானிடம் ஒப்புவிக்கிறான்? அந்த யான் என்பதைத்தானே! ஆகவே விசாரமும் சரணாகதியும் முடிவில் ஒன்றே என்பது மகரிஷியின் துணிபு.

தியானம் உடற்பிணியை அணுகவிடாது என்று நம்புவோர் அவருடைய இறுதி நாட்களை அறியவேண்டும். இடக்கையில் தோன்றிய புற்றுக் கட்டிக்கு 1949 முதல் நான்கு முறை சஸ்திர சிகிச்சை நடந்தும் குணமாகவில்லை. உடல் வேதனையை அவர் மறுக்கவில்லை; உள்ளம் மட்டும் கலங்கவில்லை. அழுத அன்பர்களைத் தேற்றியவர் அவரே. வருவோர்க்குத் தரிசனம் தடைப்படலாகாது என்று வற்புறுத்தியதால், 1950 ஏப்ரல் 14 அன்று மாலையும் அடியார்கள் அச்சிறு அறையின் முன்னே வரிசையாக நடந்து கண்டு சென்றனர். அன்றிரவு 8.47 மணிக்கு அவருடைய மூச்சு அடங்கியது.