மாற்றுச் சேலை

சனவரி 3 சாவித்திரிபாய் பூலே பிறந்த நாள். நாம் வாழும் மகாராட்டிர மாநிலம் அந்நாளைப் பெண்குழந்தைகள் நாளாகப் போற்றுகிறது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இன்று பெண்பிள்ளைகள் புத்தகப்பையுடன் அச்சமின்றிப் பள்ளிக்குச் செல்கின்றனர். அன்று, கற்பிக்கச் சென்ற ஆசிரியருக்கே அந்த வழி எளிதாக இருக்கவில்லை.

சாவித்திரிபாய் 1831ஆம் ஆண்டு சதாரா மாவட்டத்து நாய்காவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே புணே நகரத்து ஜோதிராவ் பூலேவை மணந்தார். அப்போது அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணவரே அவருக்கு எழுத்தறிவித்தார். பின்னர் அவர் ஆசிரியப் பயிற்சியும் பெற்றார்.

1848ஆம் ஆண்டு புணேயில், பிடே வாடா என்னும் இல்லத்தில், இருவரும் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். அப்போது சாவித்திரிபாய்க்கு வயது 17. பெண்கள் கற்பது தீது எனக் கருதியோர் அவரை வழியில் இகழ்ந்தனர். சேற்றையும் சாணத்தையும் அள்ளி வீசினர்.

சாவித்திரிபாய் அவர்களோடு வாதிட்டு நிற்கவில்லை. பள்ளிக்குச் செல்வதை நிறுத்தவும் இல்லை. நாள்தோறும் பையில் மாற்றுச் சேலை ஒன்றை எடுத்துச் சென்றார். பள்ளியை அடைந்ததும் அழுக்கான சேலையைக் களைந்து, தூய சேலையை உடுத்திப் பாடம் தொடங்கினார். வழியில் பட்ட சேறு வகுப்பறைக்குள் வரவில்லை.

சோதனை வீட்டுக்குள்ளும் வந்தது. ஊராரின் எதிர்ப்புக்கு அஞ்சிய மாமனார், 1849இல் மகனையும் மருமகளையும் வீட்டைவிட்டு வெளியேறச் செய்தார். உஸ்மான் ஷேக் என்னும் நண்பர் தம் இல்லத்தில் இடமளித்தார். அவ்வீட்டைச் சேர்ந்த பாத்திமா ஷேக், சாவித்திரிபாயுடன் இணைந்து கற்பிக்கலானார். பயிற்சி அறிவைத் தந்தது. தோழமை வலிமையைத் தந்தது. பள்ளிகள் பெருகின.

அவர் கவிதைகளும் இயற்றினார். முதல் கவிதை நூல் 1854இல் வெளிவந்தது. 1896இல் மும்பையில் தோன்றிய கொள்ளைநோய் புணேக்கும் பரவியது. மருத்துவரான வளர்ப்பு மகன் யஷ்வந்துடன் சேர்ந்து, சாவித்திரிபாய் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார். நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தாமே சுமந்து வந்தார். அந்நோய் அவரையும் பற்றியது. 1897ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் மறைந்தார். இன்று புணேப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மனவுறுதி என்பது துன்பத்தை உணராதிருப்பது அன்று. நாளையும் துன்பம் வரும் என்று அறிந்து, அதற்கு ஆயத்தமாகப் புறப்படுவதே ஆகும்.

சிந்தித்து எழுதுக: சாவித்திரிபாய் தம் பணியைத் தொடர அவருக்குத் துணைநின்றவை எவை?