அபுல் ஹஸன் ஆன அலீ (ரலி)

கைபர்க் கோட்டையை வென்ற மாவீரராகவும், நான்காம் கலீஃபாவாகவும் ஹஸரத் அலீ (ரலி) அவர்களை நாம் அறிவோம். ஏறத்தாழ இருபத்தைந்து வயதில், வறுமை சூழ்ந்த சிறு இல்லத்தில், முதல் மகவைக் கையில் ஏந்தி நின்ற இளம் தந்தையாக அவர்களை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு, பத்ருப் போருக்குப் பின், அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருமை மகளார் பாத்திமா (ரலி) அவர்களை அலீ (ரலி) மணந்தார்கள். மஹராகக் கொடுக்க அவர்களிடம் இருந்தது ஒரு போர்க் கவசமே. தோல் தலையணை, தண்ணீர்த் துருத்தி, மாவரைக்கும் திரிகை. இவையே அவ்வில்லத்தின் செல்வம். கணவர் கூலிக்குக் கிணற்றில் நீர் இறைத்தார். வாளிக்கு ஒரு பேரீச்சம்பழம் கூலியாகப் பெற்ற நாளும் உண்டு. மனைவியின் கைகளோ திரிகை சுற்றிக் காய்த்துப் போயின.

ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு (கி.பி. 625) ரமலான் மாதத்தில் அவ்வில்லத்தில் ஆண் குழந்தை பிறந்தது. வீரத் தந்தை தம் மகனுக்கு ‘ஹர்ப்’, அதாவது போர், எனப் பெயரிட விரும்பினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் வந்து, பேரரின் செவியில் பாங்கு ஒலித்து, ‘ஹஸன்’ எனப் பெயர் சூட்டினார்கள். அழகும் நன்மையும் அப்பெயரின் பொருள். தம் விருப்பத்தை மனமுவந்து விட்டுக்கொடுத்ததே தந்தை ஆன பின் அலீ (ரலி) கற்ற முதற் பாடம் எனலாம். அகீகா கொடுக்கப்பட்டது. மழித்த முடியின் எடைக்கு வெள்ளி தருமம் செய்யப்பட்டது. அந்த எடை ஒரு திர்ஹம் அளவே.

மகவின் மழலை கேட்டு மகிழ்ந்திருக்க நேரம் வாய்க்கவில்லை. அடுத்த மாதமே உஹதுப் போர் மூண்டது. காயமுற்ற நபிகளாருக்கு அலீ (ரலி) கேடயத்தில் நீர் கொணர்ந்து ஊற்ற, பாத்திமா (ரலி) குருதியைக் கழுவினார்கள். பாயை எரித்த சாம்பலை இட்டுக் குருதியை நிறுத்தினார்கள்.

வீட்டு வேலையின் பளு தாளாமல், பணியாள் ஒருவர் வேண்டுமெனத் தம்பதியர் நபிகளாரை நாடியதும் உண்டு. பசித்திருந்த திண்ணைத் தோழர்களை விட்டுத் தம் மகளுக்குக் கொடுக்க நபிகளார் இசையவில்லை. உறங்குமுன் ஓதும் தஸ்பீஹைக் கற்பித்தார்கள். சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. ஸிஃப்பீன் போர்க்கள இரவிலும் அலீ (ரலி) அதைக் கைவிடவில்லை.

அந்த இல்லத்திலும் மனத்தாங்கல் எழுந்ததுண்டு. ஒரு நாள் அலீ (ரலி) வெளியேறிப் பள்ளிவாசல் தரையில் படுத்துவிட்டார்கள். மாமனார் தேடி வந்து, கடிந்துகொள்ளாமல், அவர்கள் மேனியில் படிந்த மண்ணைத் தட்டிவிட்டு, அன்புடன் ‘அபூ துராப்’ என அழைத்தார்கள். ஊரார் இட்ட ‘அபுல் ஹஸன்’ எனும் பெயரினும் அலீ (ரலி) அவர்களுக்கு அதுவே இனித்தது.

ஹிஜ்ரி 40-இல் கூஃபாவில் அலீ (ரலி) ஷஹீதாயினர். மறு ஆண்டு, முஸ்லிம்களின் குருதி சிந்தாதிருக்க, ஆட்சியையே துறந்து சமாதானம் செய்தார்கள் ஹஸன் (ரலி). அவ்வாண்டு ஒற்றுமை ஆண்டு எனப் பெயர் பெற்றது. ‘போர்’ எனப் பெயர் பெறவிருந்த அக்குழந்தைதான் போரை நிறுத்தியது!

முதல் மகவைப் பெற்றுத் திகைத்து நிற்கும் இளைஞர்களே! செல்வம் நிரம்பிய பின்னரே நல்ல தந்தையாகலாம் என எண்ணற்க. உழைப்பும், விட்டுக்கொடுக்கும் உள்ளமும், இறை நினைவும் இருந்த வறிய வீட்டில்தான் ஹஸன் (ரலி) வளர்ந்தார்கள்.