பிரிவதா, இணைந்திருப்பதா? – துன் ஃபுவாட் ஸ்டீபன்ஸ் வாழ்க்கை: ஒரு பார்வை

ஒரு மாநிலம் தான் சேர்ந்திருக்கும் நாட்டிலிருந்து பிரியலாமா? இக்கேள்வியைக் கேட்டாலே பலருக்கு அச்சம் வந்துவிடுகிறது. கேட்டவரைத் துரோகி என்று சிலர் தூற்றுவர். வீரர் என்று சிலர் போற்றுவர். நம் நாட்டில் ஒரு தலைவர் இக்கேள்வியைத் தம் வாழ்நாளில் இருமுறை சந்தித்தார். முதல் முறை, இணைப்பின் நிபந்தனைகளை மீண்டும் ஆராய வேண்டும் என்று கேட்டதால் அமைச்சர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. இரண்டாம் முறை, பிரிவினைப் பேச்சு எழுந்தபோது அதை எதிர்ப்பதற்காக மாநிலத்தின் மிக உயர்ந்த பதவியையே துறந்தார். அவர்தான் சபாவின் முதலாவது முதலமைச்சர் துன் ஃபுவாட் ஸ்டீபன்ஸ்.

தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் நான் அறிந்த தலைவர்கள் துங்கு அப்துல் ரஹ்மானும் துன் சம்பந்தனும்தான். இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் டொனால்ட் ஸ்டீபன்ஸ் என்ற பெயர் ஓரிரு வரிகளில் வந்து போனது. தேர்வுக்காக மனனம் செய்த பல பெயர்களில் அதுவும் ஒன்று. பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழராக அமைந்த சபா நண்பர்தான் அப்பெயருக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருப்பதை எனக்கு உணர்த்தினார். மலேசியா பிறந்த நாள் ஆகஸ்டு 31 அன்று, செப்டம்பர் 16 என்று அவர் அடிக்கடி நினைவூட்டுவார். செப்டம்பர் 16 நாடு முழுவதும் பொது விடுமுறையானதே 2010ஆம் ஆண்டில்தான் என்பதை நான் அதன் பின்னரே அறிந்தேன்.

மூன்று ஆட்சிகளைக் கண்டவர்

டொனால்ட் ஸ்டீபன்ஸ் 1920ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள், சபாவின் வடகோடியிலுள்ள கூடாட் நகரில் பிறந்தார். அவர் உடலில் ஆஸ்திரேலிய இரத்தமும் கடசான் இரத்தமும் ஓடின. பின்னாளில் கடசான் மக்கள் அவரை ஹுகுவான் சியோவ், அதாவது தங்கள் பெருந்தலைவர், என்று ஏற்றுக்கொண்டனர். அப்பட்டத்தைப் பெற்ற முதல் மனிதர் அவரே.

அவர் பிறந்தபோது சபாவின் பெயர் வட போர்னியோ. ஒரு பிரிட்டிஷ் வணிக நிறுவனம் அந்நிலத்தை ஆண்டுகொண்டிருந்தது. பின்னர் ஜப்பானியர் வந்தனர். 1943 அக்டோபரில் ஜெசல்டன் மக்கள் அவர்களை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். அக்கிளர்ச்சி கொடூரமாக ஒடுக்கப்பட்டது. ஸ்டீபன்ஸின் தந்தையும் ஜப்பானியர் கையில் உயிரிழந்தார். போர் முடிந்தபின், 1946இல், வட போர்னியோ பிரிட்டிஷ் முடியாட்சியின் நேரடிக் காலனியாக மாற்றப்பட்டது. இருபத்தாறு வயது நிறைவதற்குள் அவர் மூன்று ஆட்சிகளைப் பார்த்துவிட்டார். அம்மூன்றில் எதுவும் அம்மண்ணின் மக்களைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. அவருடைய பிற்கால அரசியலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1950களில் அவர் சபா டைம்ஸ் என்ற நாளிதழை நிறுவி நடத்தினார். பத்திரிகை வழியாகப் பொதுவாழ்வுக்கு வந்து, 1961இல் உங்கோ எனும் கடசான் கட்சியைத் தோற்றுவித்தார்.

எதிர்த்தவரே ஏற்றுக்கொண்டார்

1961ஆம் ஆண்டு மே 27ஆம் நாள், மலாயா, சிங்கப்பூர், போர்னியோ நிலப்பகுதிகள் ஆகியவற்றை நெருங்கி வரச் செய்யும் எண்ணத்தைத் துங்கு சிங்கப்பூரில் வெளியிட்டார். ஸ்டீபன்ஸ் உடனே எதிர்த்தார். சரவாக்கின் ஓங் கீ ஹுய், புருணையின் அசஹாரி ஆகியோருடன் சேர்ந்து ஜூலை மாதம் ஜெசல்டனில் ஒரு கூட்டு முன்னணியை அமைத்தார். போர்னியோ மக்களிடம் கேட்காமல் அவர்களுடைய எதிர்காலத்தை முடிவு செய்யலாகாது என்பதே அவர்களின் வாதம்.

ஆனால், சில வாரங்களிலேயே நிலைமை மாறியது. பேச்சுவார்த்தை தொடங்கியது. மலேசிய ஒற்றுமை ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டபோது அதன் தலைவராக ஸ்டீபன்ஸே பொறுப்பேற்றார். விலைபோய்விட்டார் என்று இதைச் சொல்வோரும் உண்டு. அன்றைய சூழலையும் நாம் பார்க்க வேண்டும். 1960 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வட போர்னியோவின் மக்கள்தொகை 454,421 மட்டுமே. 1962 ஜூனில் பிலிப்பைன்ஸ் அந்நிலத்துக்கு உரிமை கோரியது. அதே ஆண்டு டிசம்பரில் புருணையில் அசஹாரியின் கட்சி ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கியது. 1963 தொடக்கத்தில் இந்தோனேசியா எதிர்ப்பு நடவடிக்கையை அறிவித்தது. ஐந்து இலட்சம் பேர்கூட இல்லாத ஒரு நாடு, இத்தனை நெருக்கடிகளுக்கு நடுவே தனித்து நிற்க முடியுமா என்பது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அன்று.

1962இல் கோபோல்ட் ஆணையம் சபா, சரவாக் மக்களின் கருத்தைக் கேட்டறிந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் மலேசியாவை உறுதியாக ஆதரித்தனர். மற்றொரு பங்கினர் பாதுகாப்பு நிபந்தனைகளோடு ஆதரித்தனர். எஞ்சியோர் முதலில் சுதந்திரம் வேண்டும் என்றோ, பிரிட்டிஷ் ஆட்சி சில காலம் தொடர வேண்டும் என்றோ கருதினர் என்று ஆணையம் கூறியது. பொதுவாக்கெடுப்பு நடத்தப்படவில்லை. இது மறுக்க முடியாத குறை.

சபாவின் கட்சிகள் சேர்ந்து 20 அம்சக் கோரிக்கையை வகுத்தன. சமயம், மொழி, குடிநுழைவு, நிதி என்று பலவும் அதில் இருந்தன. அதன் ஏழாவது அம்சம் என்னை வியப்பில் ஆழ்த்தியது. கூட்டரசிலிருந்து பிரிந்து செல்லும் உரிமை இருக்கக் கூடாது என்கிறது அது! கேட்டவர்கள் மலாயாக்காரர்கள் அல்லர், சபாத் தலைவர்களே. வாயிற்கதவை உள்ளிருந்தபடியே தாழிட்டுக்கொள்ள அவர்கள் தயாராக இருந்தார்கள். அதற்கு ஈடாகத்தான் மற்ற அம்சங்களை உறுதிப்படுத்தச் சொன்னார்கள்.

1963 ஜூலை 9இல் மலேசிய ஒப்பந்தம் இலண்டனில் கையெழுத்தானது. செப்டம்பர் 16இல் மலேசியா பிறந்தது. ஸ்டீபன்ஸ் சபாவின் முதலமைச்சரானார்.

சபா உள்நாட்டு மக்களுக்கு அப்போதும் ஐயம் தீரவில்லை. அவர்களுக்கு உறுதியளிக்கவே 1964 ஆகஸ்டு 31இல் கெனிங்காவில் ஓர் உறுதிமொழிக் கல் நாட்டப்பட்டது. சமயச் சுதந்திரம் உண்டு. நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கும். பூர்வகுடியினரின் பழக்கவழக்கங்கள் காக்கப்படும். அதற்கு ஈடாக மக்கள் மலேசிய அரசுக்கு விசுவாசமாக இருப்பர் என்பதே அக்கல் தாங்கிய உடன்பாடு. கூட்டரசின் சார்பில் சென்று அதைத் திறந்து வைத்தவர் யார் தெரியுமா? அன்றைய தொழிலாளர் அமைச்சரும் பின்னாளில் ம.இ.கா. தலைவருமான வெ. மாணிக்கவாசகம். நம்மவர் ஒருவரின் கையால் தரப்பட்ட வாக்குறுதி அது. நம்மில் எத்தனை பேர் இதை அறிவோம்?

1965: கேள்வி கேட்டவர்

1964 இறுதியில் ஸ்டீபன்ஸ் முதலமைச்சர் பதவியை விட்டு, சபா விவகாரங்களுக்கான கூட்டரசு அமைச்சரானார். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 9இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. சட்டத்திருத்தம் ஒரே நாளில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சபா, சரவாக் தலைவர்களிடம் முன்கூட்டிக் கலந்து பேசவில்லை. அமைச்சரவையில் இருந்த ஸ்டீபன்ஸுக்கே இந்நிலை.

தாங்கள் பிரியும் உரிமையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தவர்கள். இப்போது உடன் வந்த ஒருவர் வெளியேறிவிட்டார். அது குறித்து யாரும் அவர்களைக் கேட்கவில்லை. நாட்டின் அமைப்பே மாறிவிட்ட நிலையில், சபா இணைந்த நிபந்தனைகளை மறுபடியும் ஆராய வேண்டும் என்று ஸ்டீபன்ஸ் கோரினார். அக்கோரிக்கையைத் துங்கு ஏற்கவில்லை. அதே மாதத்தில் ஸ்டீபன்ஸ் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அவர் கேட்டது மறு ஆய்வு. பலர் காதில் விழுந்ததோ பிரிவினை.

1967 சபா சட்டமன்றத் தேர்தலில் துன் முஸ்தபாவின் உஸ்னோ 14 இடங்களையும், ஸ்டீபன்ஸின் உப்கோ 12 இடங்களையும் வென்றன. ஆட்சியில் உப்கோவுக்கு இடமில்லை. அவ்வாண்டு டிசம்பரில் கட்சி கலைக்கப்பட்டது. 1968இல் ஸ்டீபன்ஸ் ஆஸ்திரேலியாவுக்கான மலேசியத் தூதராக அனுப்பப்பட்டார். 1971இல் இஸ்லாத்தைத் தழுவி முகமது ஃபுவாட் என்ற பெயரை ஏற்றார். 1973இல் தாயகம் திரும்பி, சபாவின் மாநிலத் தலைவரானார்.

1975: காத்து நின்றவர்

இதற்கிடையில் சபாவில் துன் முஸ்தபாவின் ஆட்சி உறுதியாகக் காலூன்றியிருந்தது. 1971 சட்டமன்றத் தேர்தலில் 32 இடங்களிலும் ஆளும் கூட்டணி போட்டியின்றி வென்றது. ஒரு வாக்குக்கூட எண்ணப்படவில்லை. 1974இல் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் நாட்டின் எண்ணெய் வளத்தைப் பெட்ரோனாஸிடம் ஒப்படைத்தது. சபாவின் எண்ணெயை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முஸ்தபா மறுத்தார். 1975 ஏப்ரலில் சபாவின் எதிர்காலம் குறித்த குறிப்பறிக்கை ஒன்றை அவர் தம் கட்சியினர் முன் வைத்தார். தனி நாடாகிவிடும் வழியும் அதில் ஆராயப்பட்டிருந்தது.

முஸ்தபாவின் குறைகளில் நியாயம் இல்லாமல் இல்லை. எண்ணெய் சபாவினுடையது, அதில் சபா அதிகம் கேட்டது தவறாகுமா? பத்து ஆண்டுகளுக்கு முன் மறு ஆய்வு கேட்ட ஃபுவாட், இப்போது முஸ்தபாவோடு கைகோத்திருந்தால் யாரும் வியந்திருக்கமாட்டார்கள். ஆனால், அவர் எதிர்த் திசையில் நடந்தார். 1975 ஜூலையில் மாநிலத் தலைவர் பதவியைத் துறந்து, புதிதாகத் தோன்றிய பெர்ஜாயா கட்சிக்குத் தலைமை ஏற்றார்.

இதில் பதவி ஆசை இல்லையா, கூட்டரசின் ஆதரவு இல்லையா என்று கேட்கலாம். இரண்டும் இருந்திருக்கலாம். முஸ்தபா விலகுவதைக் கோலாலம்பூர் விரும்பியது என்பது வெளிப்படை. எனினும், என் பார்வையில் ஃபுவாட் 1961லும், 1965லும், 1975லும் ஒரே தராசைத்தான் கையில் பிடித்திருந்தார். மக்களைக் கேட்டார்களா என்பதே அந்தத் தராசு. 1961இல் கேட்காமல் சேர்க்கப் பார்த்தார்கள், எதிர்த்தார். 1965இல் கேட்காமல் நாட்டின் அமைப்பை மாற்றினார்கள், கேள்வி எழுப்பினார். 1975இல் கேட்காமல் வெளியேறப் பார்த்தார்கள், தடுத்தார். வாக்களிக்கும் வாய்ப்பே கிடைக்காத மக்களுக்குத் தனிநாடு கிடைத்தால் சுதந்திரம் அடைபவர் யார்? மக்களா, ஆள்பவர் மட்டுமா?

1976 ஏப்ரல் தேர்தலில் மக்கள் விடை தந்தனர். 48 இடங்களில் பெர்ஜாயா 28, உஸ்னோ 20. ஏப்ரல் 15இல் ஃபுவாட் மீண்டும் முதலமைச்சரானார். அந்த ஆட்சி இரண்டு மாதம்கூட நீடிக்கவில்லை. ஜூன் 6ஆம் நாள், லபுவானிலிருந்து கோத்தா கினபாலு திரும்பிய நோமாட் விமானம் செம்புலானில் விழுந்து நொறுங்கியது. ஃபுவாட், அவர் மகன், மாநில அமைச்சர்கள் உட்பட 11 பேரும் மாண்டனர். அப்போது அவருக்கு வயது 55. பல்லாண்டுகள் மறைக்கப்பட்டிருந்த விசாரணை அறிக்கை 2023 ஏப்ரலில்தான் வெளியிடப்பட்டது. விமானத்தில் சுமை முறையாக ஏற்றப்படாததை அது சுட்டியது; சதிவேலைக்குச் சான்று இல்லை என்றது.

விபத்து நடந்து எட்டாம் நாள், ஜூன் 14இல், சபா அரசு பெட்ரோனாஸுடன் ஒப்பந்தம் செய்தது. எண்ணெய் வருமானத்தில் 5 விழுக்காடு மாநிலத்துக்கு. இணைந்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை இந்த எண் சொல்கிறது. அந்த விலை நியாயமா என்ற வாக்குவாதம் சபாவில் இன்றும் ஓயவில்லை.

நமக்கு என்ன?

1965இல் ஃபுவாட் கேட்ட மறு ஆய்வின் ஒரு பகுதி 57 ஆண்டுகள் கழித்து நடந்தது. 2022 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்தின் வழி 1963 மலேசிய ஒப்பந்தம் அரசியலமைப்பில் பெயர் சொல்லி இடம்பெற்றது. அன்று பதவியைப் பறித்த கோரிக்கை, இன்று நாடாளுமன்றமே ஏற்ற சட்டமாகியிருக்கிறது. அன்றே பொறுமையாகச் செவிமடுத்திருந்தால் 1975இன் கசப்பைத் தவிர்த்திருக்கலாமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

நண்பர்களே, பிரியலாமா என்ற கேள்வி பெரும்பாலும் வேறொரு கேள்விக்கு விடை கிடைக்காதபோதுதான் பிறக்கிறது. கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டதா என்பதே அக்கேள்வி. அதைக் கேட்பவரை வாயடைக்கச் செய்தால், அடுத்து வருபவர் கதவைத் தட்டமாட்டார், உடைக்கப் பார்ப்பார். இந்நாட்டில் நாமும் நம் பள்ளிகளுக்காக, மொழிக்காக, வாய்ப்புகளுக்காகக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் சமூகம்தான். கேட்பதனால் நம் நாட்டுப்பற்று குறைந்துவிடுவதில்லை. இருக்க விரும்புகிறவர்தான் வீட்டின் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசுவார். போக முடிவு செய்தவருக்கு அந்தக் கவலை இல்லை. கடுமையாகக் கேள்வி கேட்டவரே கடைசியில் இணைப்பைக் காக்க முன்னின்றார் என்பதைத் துன் ஃபுவாட் ஸ்டீபன்ஸின் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது. அவர் பெயர் நம் பாடநூலில் ஓரிரு வரிகளோடு நின்றுவிடலாம். நம் சிந்தனையில் அப்படி நின்றுவிடக் கூடாது.