சுந்தரலிங்கம்: பாட்டு காத்த பெயர்

ஒட்டப்பிடாரம் வட்டாரத்தில், பாஞ்சாலங்குறிச்சிப் போர்களில் மடிந்த ஆங்கிலேயர்களின் கல்லறைகள் இன்றும் நிற்கின்றன. 1799 செப்டம்பர் 5 அன்று கோட்டைத் தாக்குதலில் இறந்த லெப்டினன்ட் காலின்ஸ் போன்றோரின் பெயர்களைக் கம்பெனி எழுதி வைத்தது. அதே வாரத்தில் அதே மண்ணில் உயிர்நீத்ததாக மக்கள் போற்றும் மாவீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்தது பாட்டு.

பாஞ்சாலங்குறிச்சியை அடுத்த கவர்னகிரி அவர் பிறந்த ஊர். தேவேந்திர குலத்தில், உழவும் காவலும் அறிந்த குடும்பத்தில், 1770இல் பிறந்தார் என்பது ஊர் மரபு. குடும்பன் என்னும் பட்டத்தோடு சுந்தரலிங்கக் குடும்பனார் என்றே மக்கள் அவரை அழைக்கின்றனர். வீரபாண்டியக் கட்டபொம்மனின் படையில் சேர்ந்த அவர், தம் வீரத்தால் தளபதிகளுள் ஒருவராக உயர்ந்தார்.

1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்தபோது மூண்ட மோதலில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். வரி கேட்ட கம்பெனிக்கும் பாளையத்துக்கும் இடையிலான பகை அதன்பின் தணியவில்லை. மறு ஆண்டு மேஜர் பானர்மன் கோட்டையைத் தாக்கினார். முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. பெரிய பீரங்கிகள் வரும்வரை கம்பெனிப் படை காத்திருந்தது. செப்டம்பர் 7 இரவு கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார்.

மறுநாள் நடந்ததைச் சொல்வது மக்கள் மரபு. சுந்தரலிங்கமும் அவர் முறைப்பெண் வடிவும் ஆடு மேய்ப்பவர்களைப் போல வேடமிட்டு, கம்பெனியின் வெடிமருந்துக் கிடங்கை அடைந்தனர். தீப்பந்தத்தோடு உள்ளே பாய்ந்தனர். கிடங்கு வெடித்துச் சிதறியது. இருவரும் அதனுள்ளேயே மாண்டனர். அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் ஊமைத்துரை மீட்டெழுப்பிய கோட்டையையும் வீழ்த்தி, கம்பெனி அதைத் தரைமட்டமாக்கியது. பாளையங்களின் ஆயுதங்களையும் பறித்தது.

கோட்டை இல்லாத மண்ணில் போர் பாட்டாக வாழ்ந்தது. கட்டபொம்மு கதைப்பாடலாகவும் கும்மியாகவும் திருவிழா இரவுகளின் நாடகமாகவும் அது ஊர்ஊராகச் சென்றது. பேராசிரியர் நா. வானமாமலை போன்றோர் அவற்றைத் தேடிப் பதிப்பித்தனர். அக்கதைகளில் பாளையக்காரர் மட்டும் போரிடவில்லை. பகடை என்னும் பட்டம் தாங்கிய வீரர்களும் களத்தில் நிற்கின்றனர். அரசர்களின் வரலாறு விட்டுச்சென்றவர்களுக்குப் பாடகர் இடம் கொடுத்தார்.

ஆனால் பாட்டும் சாதிக்கு அப்பாற்பட்டதன்று. யார் பாடுகிறார், எந்தத் தெருவில் பாடுகிறார் என்பதைப் பொறுத்து ஒரு பெயர் ஓங்கும், இன்னொரு பெயர் மங்கும். 1959இல் வெளிவந்த திரைப்படம் கட்டபொம்மனையும் வெள்ளையத்தேவனையும் தமிழகத்தின் வீட்டுப் பெயர்களாக்கியது. சுந்தரலிங்கத்தின் பெயருக்கு அத்தகைய வெளிச்சம் கிட்டவில்லை.

1997இல் தமிழக அரசு விருதுநகரில் புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியது. தலித் ஒருவரின் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என ஆதிக்க சாதியினர் எதிர்த்தனர். தென் மாவட்டங்களில் கலவரம் வெடித்தது, உயிர்கள் பறிபோயின. இறுதியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு நீக்கியது. ஒரு பெயரை ஏற்க மறுத்தவர்களைத் திருத்துவதைவிட எல்லாப் பெயர்களையும் அழிப்பது அரசுக்கு எளிதாக இருந்தது. சமத்துவம் போலத் தோன்றிய அம்முடிவு, வன்முறைக்குக் கிடைத்த வெற்றியே.

சுந்தரலிங்கத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஆவணம் எங்கே என்ற கேள்வி எழுகிறது. வழக்கறிஞர் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். செவிவழிச் செய்தியை நீதிமன்றம் எளிதில் ஏற்பதில்லை. ஆயினும் உறவுமுறை, ஊர் வழக்கம் போன்றவற்றில் இறந்தோர் சொல்லிச் சென்றதைச் சட்டமே சான்றாக ஏற்கிறது. எழுத்து மறுக்கப்பட்ட மக்களிடம் எழுத்துச் சான்று மட்டுமே கேட்பது, பழைய அநீதியின் மேல் புதிய அநீதியை அடுக்குவதாகும். பாட்டை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. பிற சான்றுகளோடு வைத்து எடைபோடலாம். அதற்குப் பாட்டு முதலில் நம் கையில் இருக்க வேண்டும்.

கதைப்பாடல்களை மனப்பாடமாக அறிந்த முதியவர்கள் குறைந்து வருகின்றனர். கல்லூரி மாணவர்கள் தத்தம் ஊர்களில் அவர்களைத் தேடி அமர்ந்து, பாடியவர் பெயரோடும் ஊரோடும் நாளோடும் பதிவு செய்ய வேண்டும். பேருந்திலிருந்து அழிக்கப்பட்ட பெயரை மீண்டும் பொதுவெளியில் நிறுத்தும் போராட்டத்துக்கு அதுவே முதல் சான்றாவணம்.